கொடுவா பிடிக்கக் கிளம்புமுன்

புதுச்சேரியின் அரியாங்குப்பம் ஆற்றிலோ சுண்ணாம்பாற்றிலோ கயாக்கில் போய்த் தூண்டில் போட ஆசையா? கடையில் பணத்தை இறைக்குமுன் இதைப் படியுங்கள்.

1. கோல் ஏழடிக்குள், நடுத்தர வலுவில் எடுங்கள். உட்கார்ந்தபடி வீச அதுதான் வசதி. ரொம்பக் குட்டையும் வேண்டாம்; மீன் கயாக்கின் முனையைச் சுற்றி ஓடினால் கோல் எட்டாது.

2. ரீல் 3000 அல்லது 4000 அளவு போதும். உப்புநீருக்கானதா என்று கேட்டு வாங்குங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள்; உப்பு காய்ந்தால் பேரிங் இறுகிவிடும்.

3. பின்னல் நரம்பின் நுனியில் 40 பவுண்டு தங்கூசை இரண்டு முழம் கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி. அது விட்டாலும் அலையாத்தி வேரில் ஒட்டிய சிப்பி அறுத்துவிடும். எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் கஞ்சத்தனம் கூடாது.

4. கோலைக் கயிற்றால் கயாக்கோடு கட்டுங்கள். கலங்கல் தண்ணீரில் விழுந்தால் போனதுதான்.

5. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுத் துடுப்பு வலிப்பதுபோல் கையை வீசிப் பார்த்து வாங்குங்கள். அக்குளில் உரசினால் பாதி வழியில் கழற்றிவிடுவீர்கள்.

6. நீர் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்தை நெருங்காதீர்கள். ஓட்டம் கடலுக்கு இழுக்கும்.

ஆற்றுக்குப் பதில் ஏரி என்று நினைத்தால், ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அங்கே கோலோடு போக வேண்டாம்.