குழந்தையும் வீட்டுக் கம்ப்யூட்டரும்

கதவும் தாழ்ப்பாளும் இல்லாத வீட்டில் யாரும் குடிபுகுவதில்லை. ஆனால், நன்மையும் தீமையும் ஒருங்கே நுழையக்கூடிய கம்ப்யூட்டரை மட்டும் தாழ்ப்பாள் இல்லாமலே பிள்ளையின் கையில் கொடுத்து விடுகிறோம். குழந்தை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆகவே, ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அதனை அமைத்துக் கொடுக்கும் முறையை வரிசையாகக் கவனிப்போம்.

முதலாவது, இடம். கம்ப்யூட்டர் கூடத்தில் இருக்க வேண்டும். திரை எல்லோர் பார்வையிலும் பட வேண்டும். படுக்கையறை இதற்கு ஏற்ற இடமன்று. பயன்படுத்தாத வேளையில் காமிராவை மூடி வைப்பது நலம்.

இரண்டாவது, இயந்திரத்தின் நிலை. பெரியவர்கள் கழித்த பழைய கம்ப்யூட்டரே பெரும்பாலும் பிள்ளைக்கு வந்து சேருகிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்து விட்டது. எனவே, இயந்திரம் ஏற்குமாயின் விண்டோஸ் 11-க்கு மாற்றிய பின்னரே பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கு. பெற்றோருக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு. பிள்ளைக்கு 'ஸ்டாண்டர்டு' கணக்கு. அப்படியானால் கம்ப்யூட்டர் முழுவதையும் பாதிக்கும் மாற்றம் எதற்கும் நமது பாஸ்வேர்டு தேவைப்படும். அதனைப் பிள்ளை அறியலாகாது. மைக்ரோசாப்டின் 'ஃபேமிலி சேஃப்டி' வழியாக நேர அளவையும், பார்க்கத் தகுந்த தளங்களையும் நிர்ணயிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் பிள்ளையின் வயதைக் கூட்டிப் பதிந்து கணக்குத் திறக்கின்றனர். இதனால் இரு கேடுகள் விளைகின்றன. சிறுவர்களுக்கென உள்ள பாதுகாப்புகள் அந்தக் கணக்கில் செயற்படா. அதைவிடப் பெரிது, பொய்யின் முதற்பாடத்தைப் பிள்ளை நம்மிடமே கற்றுக் கொள்கிறது.

நான்காவது, வடிகட்டி. வீட்டு ரூட்டரில் டி.என்.எஸ். என்னும் இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 ஆகிய எண்களைப் பதியலாம். 2020-ல் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தொடங்கிய இந்த இலவச சேவை, ஆபாசத் தளங்களுக்கும் தீங்கான தளங்களுக்கும் வழி மறுக்கிறது. ஆனால், இது முழுக்காவல் ஆகாது. மொபைல் டேட்டாவில் இயங்கும் போனை இது கட்டுப்படுத்தாது. அனுமதித்த தளத்தின் உள்ளே இருப்பவற்றைப் பிரித்தும் பார்க்காது.

ஐந்தாவது, நேரம். 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது. அதற்கு மேற்பட்ட வயதினருக்கு வீட்டில் ஓர் ஒழுங்கு தேவை: உணவின்போதும் உறங்கும் முன்பும் திரை இல்லை. பெரியவர்களும் இதைக் கடைப்பிடித்தால்தான் பிள்ளை ஏற்கும்.

இவை அனைத்தும் செய்த பின்னரும் ஒருநாள் தகாத காட்சி கண்ணில் படலாம்; அறியாத ஒருவர் பேச்சுக் கொடுக்கலாம். அப்பொழுது பிள்ளை என்ன செய்யும்? 'வாப்பா அடிப்பார்கள், உம்மா கம்ப்யூட்டரைப் பிடுங்கி விடுவார்கள்' என்ற அச்சம் இருந்தால் மறைத்து விடும். தீயவர்கள் பயன்படுத்திக் கொள்வது இந்த அச்சத்தைத்தான். 'எது வந்தாலும் எங்களைக் கூப்பிடு. உன்னைக் கோபிக்க மாட்டோம்' என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி நடக்கவும் வேண்டும். நம் கையை மீறிய நிலையில், இந்தியாவில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பூட்டும் வடிகட்டியும் அவசியமே. ஆயினும், பயமின்றி நம்மிடம் ஓடி வரும் பிள்ளைக்கே காவல் முழுமை பெறுகிறது என்பதை நாம் மறந்து விடலாகாது.