கிளச்சொலியும் அதன் பிறப்பிடமும்

எழுத்தொலிகள் பிறக்குமிடங்களை விளக்கத் தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலையே வகுத்தார். அவ்வியலைப் பயிலும் யான், மோட்டார் வண்டியின் ஒலிக்கும் பிறப்பிடம் உண்டென்பதைச் சென்ற விடுமுறையிலேதான் அறிந்தேன். அவ்வறிவிற்கு என் மாமா கொடுத்த விலை சிறிதன்று.

கடலூர் முதுநகரில் மீனும் பனிக்கட்டியும் ஏற்றிப் பிழைக்கும் அவருக்குத் துணையாயிருப்பது பழைய ஜீப்பு ஒன்று. நான்கு சக்கரங்களும் இழுக்கும் அவ்வண்டியின் பின்புறம் சரக்குத் தட்டு உண்டு. 1941 முதல் 1945 வரை போருக்காக அமெரிக்காவில் செய்யப்பெற்ற வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தது அது. அவ்வினத்தை 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் நம் நாட்டிற் பூட்டத் தொடங்கினர்.

கடந்த மழைக்காலத்தில் தொடையளவு வெள்ளத்தில் அவ்வண்டி ஓடிற்று. சின்னாட்களில் கிளச்சுப் பக்கத்தில் ஓர் உறுமல் எழுந்தது. பட்டறை ஒன்றில் கியர்பாக்ஸை இறக்கிக் கிளச்சுப் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் புதிதாக மாற்றினர். மாமாவின் ஒரு மாத வருவாய் அதிலே போயிற்று. உறுமல் மட்டும் போகவில்லை. ஆலப்பாக்கமும் புதுச்சத்திரமும் கடந்து, வெள்ளாற்றுப் பாலத்தின் வழியே சிதம்பரம் சென்று, முதிய மெக்கானிக் ஒருவரை அடைந்தோம். அவர் திருப்புளியைக் கையில் எடுக்கவேயில்லை.

“தம்பி, சத்தம் எங்கே வருகிறது என்பதை விடு. எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது, அதைச் சொல்லு” என்றார்.

அவர் கேள்வியின் நுட்பம் விளங்கக் கிளச்சின் அமைப்பை அறிதல் வேண்டும். எஞ்சினோடு சுழல்வது பிளைவீல். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே அழுந்தி நிற்பது கிளச்சுப் பிளேட். அதன் நடுவே கியர்பாக்ஸின் முதல் தண்டு நுழைந்து, தன் நுனியை எஞ்சின் தண்டின் முனையிலுள்ள பைலட் புஷ்ஷில் ஊன்றியிருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளும், பிளேட் விடுபடும், முதல் தண்டு நிற்கும். பெடலின் நிலை மாறச் சுழலும் உறுப்பும் மாறும். இதுவே ஆராய்ச்சிக்கு அடிப்படை.

சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்னும் பின்னும் ஆளில்லை எனக் கண்டபின், எஞ்சினை மெல்ல ஓடவிட்டு நியூட்ரலில் சோதிக்க வேண்டும்.

முதலாவது, பெடலில் கால் படாதபோது ஒலி எழுந்து, முழுதும் மிதித்துச் சற்றுப் பொறுத்தபின் அடங்குமாயின், கியர்பாக்ஸின் முதல் தண்டுப் பேரிங்கை ஐயுறுக.

இரண்டாவது, பெடலின் வெற்றசைவு தீருமளவு மட்டும் மெல்ல அழுத்திய அளவிலேயே கீச்சொலி தோன்றுமாயின், குற்றம் ரிலீஸ் பேரிங்கினது. அன்றி, இருந்த ஒலி அம்மென்மையான அழுத்தத்திலேயே மறையுமாயின், தளர்ந்த பேரிங்கோ அதைத் தாங்கும் கவையோ ஆடுகின்றது. முதல் தண்டு அப்போதும் சுழன்றுகொண்டே இருத்தலின் கியர்பாக்ஸைப் பழித்தல் தவறு.

மூன்றாவது, முழுதும் மிதித்துக் கியரில் இட்டு நிற்கும்போது மட்டும் ஒலி கேட்குமாயின், பைலட் புஷ் தேய்ந்திருக்கலாம். தண்டு நிற்க, புஷ் அதைச் சுற்றி ஓடுவது அந்நிலையிலேதான்.

நான்காவது, வண்டி புறப்படும்போது மட்டும் அதிர்ந்து குலுங்குமாயின், பிளேட்டில் எண்ணெய் படிந்ததோ எஞ்சின் தாங்கிகள் தளர்ந்தனவோ எனக் காண்க.

நாற்சக்கர வண்டிக்கு மற்றொரு சோதனையும் உண்டு. ஓடும்போது மட்டுமே எழும் ஒலி கிளச்சினுடையதென்று தோன்றி மயக்கும். வண்டியை நிறுத்தி, டிரான்ஸ்பர் லீவரை நியூட்ரலில் வைத்து, கியரிட்டுக் கிளச்சை விட்டால், சக்கரங்களுக்குச் செல்லும் தண்டுகள் நிற்க, கியர்பாக்ஸ் மட்டும் சுழலும். ஒலி அப்போது மறைந்தால் கிளச்சைத் திறவாது, அப்பாலுள்ள தண்டுகளையும் மூட்டுகளையும் நாடுக.

எங்கள் வண்டியில் முதற் சோதனையே பலித்தது. பெடல் மேலிருக்க உறுமியது. மென்மையாக அழுத்தியும் உறுமியது. முழுதும் மிதிக்க அடங்கிற்று. கியர்பாக்ஸ் எண்ணெயைச் சிறிது வடித்தபோது பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. வெள்ளநீர் உட்புகுந்து எண்ணெயைக் கெடுக்க, பேரிங் அரிக்கப்பட்டிருந்தது. முதலில் இறக்கிய அன்றே அப்பேரிங்கைக் கையாற் சுழற்றிப் பார்த்திருந்தால் இரண்டாம் முறை இறக்க நேர்ந்திராது. நீரில் ஓடிய வண்டிக்கு முதலிற் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸின் எண்ணெயே என்று அவர் மாமாவிடம் வற்புறுத்திச் சொன்னார்.

புயலும் வெள்ளமும் கடலூர்க்குப் புதியன அல்ல. 2011-இல் தானே புயலும், 2015-இல் பெருவெள்ளமும் நாம் கண்டவை. அத்தகைய நாட்களில் சேற்றையும் நீரையும் கடந்து உணவு கொண்டு செல்பவை இத்தகைய வண்டிகளே. ஆதலின் அவற்றை ஓட்டுவோர் இச்சோதனைகளை அறிந்திருத்தல் நலம். செலவு ஒன்றுமில்லை, ஒரு காலும், பொறுமையுள்ள இரு செவிகளும் போதும்.

மாமா இப்பொழுது மீண்டும் விடியற்காலையில் துறைமுகம் செல்கின்றார். வண்டி ஓசையின்றி ஓடுகின்றது. யானோ, பிறப்பியலை முன்னினும் கருத்தாகப் படிக்கின்றேன்.