ஒரு நாள் விருந்தினரும் ஊரின் கடமையும்

சில நூறு குடும்பங்களே வாழும் சிற்றூருக்கு ஒரே நாளில் பல்லாயிரம் பேர் வந்தால் குடிநீர் போதுமா? கழிப்பிடம் உண்டா? சாலை தாங்குமா? தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்போரின் வழியில் உள்ள ஊர்கள் இவ்வினாக்களை நன்கு அறியும். இதே நிலையை ஆண்டுதோறும் சந்திக்கும் வேறொரு நாட்டு உழவர் ஊர்களைப் பற்றி ஈண்டு அறிந்து கொள்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நடுப்பகுதியில் உள்ள அயோவா மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் முதன்மைப் பயிர்கள். 1973-ஆம் ஆண்டில் அங்குள்ள ஒரு நாளிதழின் எழுத்தாளர்களான ஜான் கராஸ், டொனால்டு கால் ஆகிய இருவரும் மாநிலத்தை மிதிவண்டியில் கடக்க முற்பட்டு, வாசகர்களையும் உடன் அழைத்தனர். ஏறத்தாழ 300 பேர் புறப்பட்டனர். 83 வயதான கிளாரன்ஸ் பிக்கார்டு என்பவர் முழுத் தொலைவையும் கடந்து அனைவரையும் வியக்க வைத்தார். ராக்பிரை என்னும் பெயரால் அப்பயணம் இன்றும் ஜூலைத் திங்களின் இறுதியில் ஒரு வாரம் நடைபெறுகிறது. பல்லாயிரவர் பங்கு கொள்கின்றனர். பெருந்தொற்றுப் பரவிய 2020-இல் மட்டும் அது நடைபெறவில்லை. மேற்கே மிசௌரி ஆற்றில் பின் சக்கரத்தை நனைத்துப் புறப்படுவோர், சுமார் 750 கிலோமீட்டர் கடந்து, கிழக்கே மிசிசிப்பி ஆற்றில் முன் சக்கரத்தை நனைத்துப் பயணத்தை முடிப்பது மரபு.

ஒரு நாளின் நடைமுறை

விடியும் வேளையில் கூடாரங்கள் மடிக்கப்படுகின்றன. மூட்டைகள் லாரியில் ஏறி அடுத்த தங்கல் ஊருக்குச் செல்கின்றன. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மக்காச்சோள வயல்களினூடே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். களைத்தோரை ஏற்றிக்கொள்ளத் தனி வண்டி உண்டு. இடையிலுள்ள சிற்றூர்களில் தேவாலய மன்றங்களும், பள்ளிக் குழுக்களும், தன்னார்வத் தீயணைப்புப் படையினரும் கடை விரித்து, அவித்த சோளமும் பழம் வைத்துச் சுட்ட 'பை' என்னும் பலகாரமும் விற்கின்றனர். மாலையில் பள்ளித் திடலிலும், பூங்காவிலும், வீட்டு முற்றங்களிலும் கூடாரங்கள் எழும்புகின்றன. மறுநாள் காலையில் ஊர் மீண்டும் வெறிச்சோடிவிடும்.

ஏற்பாடும் வருவாயும்

தங்கல் ஊர்கள் எவை என்பது வழக்கமாக ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டுவிடுகிறது. எனவே ஊராருக்கு அரை ஆண்டு அவகாசம் கிடைக்கிறது. தங்குமிடம், உணவு, குடிநீர், துப்புரவு, மருத்துவம் என வேலையைக் குழுக்களாகப் பிரித்துக் கொள்கின்றனர். பயணத்துடன் கூடவே செல்லும் வெளியூர் வணிகரும் உளர். ஊர் மன்றங்கள் முன்வந்தால் பணம் ஊரின் பொதுக் காரியங்களுக்குப் பயன்படும். வாளாவிருந்தால் அது வணிகரோடு வண்டியேறிப் போய்விடும். நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதனைக் கருத்தில் கொள்ளல் நலம்.

சாலை தந்த பாடம்

2004-ஆம் ஆண்டில் கிராஃபோர்டு என்னும் கவுண்டியில், சாலையின் நடுவே இருந்த வெடிப்பில் சக்கரம் சிக்கி ஒருவர் உயிர் இழந்தார். வழக்குத் தொடரப்பட்டு, அவர் குடும்பத்துக்கு 3,50,000 டாலர் இழப்பீடு வழங்கப்பட்டது. 2007-இல் அக்கவுண்டியின் ஆட்சிக்குழு இப்பயணத்தைத் தன் எல்லைக்குள் தடை செய்தது. பின்னரே தடை நீங்கிற்று. விருந்தினரைத் தடுத்தால் வெடிப்பு அடைபடுமா? அதே சாலையில்தான் அவ்வூர் மக்களும் நாள்தோறும் செல்கின்றனர் அல்லவா?

ஆகவே நாம் செய்யத்தக்கவை மூன்று. தைப்பூசப் பயணிகளுக்கான ஏற்பாட்டை நவம்பர் முதல் நாள் கூடும் கிராம சபையிலேயே விவாதித்து, ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளரை அமர்த்துக. குடிநீர்க் குழாயையும் கழிப்பிடத்தையும், கூட்டம் கலைந்த பின்னரும் ஊருக்குப் பயன்படும் இடத்தில் அமைத்திடுக. உறுப்பினர்கள் தத்தம் வார்டுச் சாலைகளை நடந்து பார்த்து, பள்ளம், வெடிப்பு, இடிந்த ஓரம் ஆகியவற்றைக் குறித்து வைத்து, ஊராட்சிச் சாலையாயின் தாமே செப்பனிடுக. ஒன்றியச் சாலையாயின் ஒன்றிய அலுவலகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்திடுக. விருந்தினர் ஒரு நாளில் போய்விடுவர். பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும் நம் பிள்ளைகளுக்கோ ஆண்டு முழுவதும் அதுவே வழி.