வலியில்லாத வீக்கம்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. கல்லடைப்புக்கு ஸ்கேன் எடுத்தபோது வயிற்றுப் பெருந்தமனி 4.2 செ.மீ. வீங்கியிருப்பதாகத் தெரிந்தது. வலியே இல்லை. பயப்பட வேண்டுமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: பதற வேண்டாம், ஆனால் வலியில்லை என்று விட்டுவிடவும் கூடாது. அந்த இடத்தில் தமனியின் இயல்பான அகலம் சுமார் 2 செ.மீ.தான். சுவரின் நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள்தான் அதற்கு வலுவூட்டும் எலாஸ்டின், கொலாஜன் நார்களை உண்டாக்குகின்றன. புகையாலும் அழற்சியாலும் அந்தச் செல்கள் மடிகின்றன. நாரை அரிக்கும் நொதிகளோ பெருகுகின்றன. பழுதுபார்க்க ஆளில்லாத சுவர் ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் விரிந்துகொடுக்கிறது. 1955இல் ஐன்ஸ்டைன் இறந்தது இப்படி வீங்கிய தமனி வெடித்துத்தான்.

செல் சாவைத் தடுக்கும் மருந்து இன்னும் சிகிச்சைக்கு வரவில்லை. ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ.யை எட்டினால்தான் அறுவை சிகிச்சை. அதுவரை ஆண்டுக்கொரு முறையாவது ஸ்கேன். புத்தூர் அரசு மருத்துவமனையிலேயே கேட்டுப் பாருங்கள். அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவரென்றால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. பிரஷர் கட்டுக்குள் இருக்கட்டும். காலையில் உத்திர வீதியைச் சுற்றி நடக்கலாம்; மூச்சடக்கிப் பாரம் தூக்க வேண்டாம். திடீரென வயிறோ முதுகோ கடுமையாக வலித்தால், வாயுவென்று கஷாயம் கொடுத்துக் காத்திராமல் 108ஐ அழையுங்கள். பெரியப்பா, சித்தப்பாவுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். இது குடும்பத்தில் தொடர்வதுண்டு.