இறக்கைக்குள் எந்த ஃபோம்?

சமயநல்லூர்

அன்புள்ள தம்பிக்கு,

விமான இறக்கைக்குத் தெர்மாக்கோல் போதாதா, மதுரையில் மலிவாகக் கிடைக்கிறதே, எடையும் இல்லையே என்று கேட்டிருந்தாய். எடையைப் பார்த்து ஃபோம் வாங்காதே. எந்த ரெசின் அதன்மேல் படும், பெட்ரோல் படுமா, எவ்வளவு சூடு ஏறும் என்பதைப் பார்த்து வாங்கு.

இறக்கை மேல்நோக்கி வளையும்போது மேல் தோல் அமுங்கப் பார்க்கும், கீழ்த் தோல் இழுபடும். அந்தப் பளுவைத் தாங்குவது தோலாக ஒட்டிய பைபர் கிளாஸ் துணியும் ரெசினும். நடுவிலிருக்கும் ஃபோமின் வேலை, இரண்டு தோல்களையும் விலக்கி நிறுத்தி, ஒன்றையொன்று விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வது. அந்த இடைவெளி இரண்டு மடங்கானால் விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆனால் ஃபோம் அறுந்தாலோ தோலை விட்டுப் பிரிந்தாலோ, அந்த மெல்லிய தோல் தனியாக நின்று மடங்கிவிடும். தெர்மாக்கோல் என்பது மணிகளை ஆவியில் ஒட்டவைத்தது. மணிக்கும் மணிக்கும் நடுவில்தான் முதலில் விடும். அதனால் இறக்கைக்கு அது வேண்டாம்.

அமெரிக்காவில் பர்ட் ரூட்டன் 1975-இல் பறக்கவிட்ட வேரி-ஈஸி விமானத்திலும், பின்னால் வந்த லாங்-ஈஸியிலும் இறக்கைக்குப் போட்டது நீலநிற எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன். கன மீட்டருக்கு 32 கிலோ அளவில்தான் இருக்கும். சூடேற்றிய கம்பியை இரண்டு பக்கத் தகட்டு அச்சுகளின் மேல் இழுத்தால் இறக்கையின் வடிவம் அப்படியே வந்துவிடும், மோல்டே தேவையில்லை. லாங்-ஈஸியை அடிப்படையாக வைத்து பெங்களூரு என்.ஏ.எல். ஆய்வகம் செய்த ஆய்வு விமானம் 1987-இல் பறந்தது. அதற்குப் பிறகு அங்கேயே உருவான ஹன்சா விமானம் 1993-இல் பறந்தது. நம் ஊர்ப் பக்கம் இந்த வேலைக்கு வழிகாட்ட ஆளில்லை என்று நீ நினைத்துவிடக்கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மொட்டைமாடியில் வெயில் தடுக்கப் போடும் பலகையும் இதே இனம்தான். நிறம் பார்த்து ஏமாறாதே. அதன் துளைகள் மிக நுண்ணியவை. ரூட்டன் தேர்ந்தெடுத்தது படகுத்துறை மிதவைக்கான பெருந்துளை வகை. மைக்ரோபலூன் என்னும் நுண்குமிழிப் பொடி கலந்த எபாக்சி ரெசின் அந்தத் துளைகளுக்குள் இறங்கிப் பிடிப்பதால்தான் தோல் உரியாமல் நிற்கிறது.

ரெசின் விஷயத்தில் கண்டிப்பாக இரு. தண்ணீர்த் தொட்டி, படகு செய்யும் பட்டறைகளில் ஓடுவது பாலியஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். எபாக்சி கரைக்காது. பெட்ரோலும் கரைக்கும், ஆகவே டேங்க் பக்கம் பாலிஸ்டைரீன் வரவே கூடாது. அங்கே யூரித்தேன் ஃபோம். கத்தியாலும் உப்புத்தாளாலும் விரும்பிய வளைவுக்குச் சீவலாம். சூட்டுக் கம்பியை மட்டும் அதன் பக்கம் கொண்டுபோகாதே, சயனைடு வாயு வரும். பிவிசி ஃபோமையும் கம்பியால் அறுக்காதே. விலை கூடுதல்தான், ஆனாலும் தடுப்புச் சுவர்களுக்கும் பளு விழும் பலகைகளுக்கும் அதை வாங்கு. அங்கே சிக்கனம் பார்க்காதே.

அடுத்தது நம் வெயில். சாதாரணச் சூட்டில் இறுகிய எபாக்சி பல வகைகளில் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். வெட்டவெளியில் நிற்கும் கருநிறப் பரப்பு மே மாதத்தில் அதைத் தாண்டிவிடும். இந்த வகை விமானங்களுக்கு வெள்ளை அடிப்பது அதனால்தான். உனக்குப் பிடித்த கருநீலத்தை மறந்துவிடு.

எந்தப் பலகையையும் மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒவ்வொரு வகையிலும் ஒரு முழ நீளத் துண்டுக்கு இரண்டு பக்கமும் துணி ஒட்டு. நன்றாக இறுகியபின் வளைத்து உடைத்து, ஃபோம் கிழிந்ததா, ஒட்டு விட்டதா என்று பார். ஃபோம் கிழிந்தால் ஒட்டு நல்ல ஒட்டு. டேங்குக்கான துண்டை, நீ ஊற்றப்போகும் அதே பெட்ரோலில் சில வாரம் ஊறவை. இப்போது பங்கில் வருவதில் எத்தனால் கலந்திருக்கிறது. இன்னொரு துண்டை எடை தொங்கவிட்டு மாடியில் வை. கத்திரி வெயில் முடிவதற்குள் அதைச் செய்துவிடு.

அன்புடன்,
அண்ணன்