பிளேட்டை மாற்றும் முன் ஆயில் டப்பாவைப் பாருங்கள்

காரவள்ளியிலிருந்து செம்மேடு வரை கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லில் இருந்து இந்தச் சாலையில் 150 சிசி பைக்கில் அடிக்கடி ஏறி இறங்கும் மருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவருக்கு, குறுகிய இடைவெளியில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியதாயிற்று. முதல் செலவில் அவருக்கு வருத்தமில்லை, ஓடுகிற வண்டி தேயத்தான் செய்யும். இரண்டாவது செலவின் கோபம்தான் இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டியதில்லை, ஏனென்றால் அது தவிர்த்திருக்கக்கூடிய செலவு.

அறிகுறி தெளிவாகவே இருந்தது. மருந்துப் பெட்டியோடு மேடேறும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. காலையில் கிளம்பும்போது சரியாக இழுக்கும், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு வழுக்கும். பாதி மலையில் நிறுத்தினால் கருகிய வாடை. நாமக்கல்லில் வழக்கமாகப் போகும் பட்டறையில் ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்கள்: “மலையில ஹாஃப் கிளட்ச்சுலயே ஓட்டுறீங்க சார், அதான் பிளேட் தீஞ்சிருச்சு.” பிளேட், ஸ்பிரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, புது ஆயிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். கழற்றிய பிளேட்டை யாரும் அளக்கவில்லை, அவரிடம் காட்டவும் இல்லை. சில மலைப் பயணங்களுக்குள் அதே சத்தம், அதே வாடை.

ஹாஃப் கிளட்ச் கிளட்ச்சைக் கொல்லும் என்பது உண்மை. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க பிரேக்குக்குப் பதிலாக கிளட்ச்சைப் பிடித்து நிற்பவர்கள், வளைவில் கியர் குறைக்காமல் லீவரை அமுக்கி அமுக்கி ஏற்றுபவர்கள் எல்லோரும் பிளேட்டைத் தேய்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இவர் வளைவுக்கு முன்பே கியர் குறைத்து, லீவரை முழுதாக விட்டு ஏறுகிறவர். பழைய பிளேட் இதே மலையில் நீண்ட காலம் உழைத்தது. அதே ஆள், அதே சாலை, அதே சுமை என்றிருக்க, புது பிளேட் மட்டும் ஏன் சீக்கிரம் போக வேண்டும்? பட்டறை கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கேட்டவர் சேந்தமங்கலத்தில் உள்ள ஒரு வயதான மெக்கானிக். “தம்பி, போன தடவை ஊத்துன ஆயில் டப்பா இருக்குதுங்களா?” என்றுதான் தொடங்கினார். கழற்றிய பிளேட்டுகளைத் துடைத்து, வெர்னியர் காலிப்பரை ஒவ்வொன்றிலும் நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தார். தடிமன் தேய்மான வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் சொரசொரவென்று இருக்க வேண்டிய முகம் கறுத்து, கண்ணாடிபோல் பளபளத்தது. இடையிலிருந்த ஸ்டீல் பிளேட்டுகளில் திட்டுத்திட்டாக நீலம் பாய்ந்திருந்தது. தேய்ந்து மெலிந்த பிளேட் ஒரு கதை சொல்லும், தேயாமலே வழவழத்த பிளேட் வேறு கதை சொல்லும். இரண்டையும் “பிளேட் போயிடுச்சு” என்ற ஒரே பேச்சில் அடக்குவதுதான் வாடிக்கையாளரின் பணத்தைத் தின்கிறது.

நம் ஊரில் ஓடும் கியர் பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கிறது. இன்ஜினையும் கியரையும் வழுக்க விட வேண்டிய அதே ஆயில், கிளட்ச்சை மட்டும் பிடிக்க விட வேண்டும். இதற்காகவே ஜப்பானில் 1998இல் ஜாசோ டி 903 என்ற தரம் வந்தது. ஆயில் டப்பாவின் பின்புறம் சிறு கட்டத்தில் எம்ஏ, எம்ஏ1, எம்ஏ2 என்று இருந்தால் அது நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது. எம்பி என்றிருந்தால் உராய்வு குறைந்த ஆயில், கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு உகந்தது. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனையாமல் தனியாக இருப்பதால் அதற்குப் பாதகமில்லை.

நாமக்கல் பட்டறையில் ஊற்றியது எம்பி. டப்பாவின் முன்பக்கம் பெரிதாக 10டபிள்யூ-30 என்று இருந்தது. இவருடைய வண்டிக்கும் அதே 10டபிள்யூ-30தான். அந்த எண் ஆயிலின் பாகுத்தன்மையை மட்டுமே சொல்லும், கிளட்ச் பிடிக்குமா என்பதைச் சொல்லாது. எரிபொருள் சிக்கனத்துக்காக உராய்வு குறைப்பான் சேர்த்த கார் ஆயிலிலும் இதே ஆபத்து உண்டு. சமவெளியில் தனியாகப் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாமலே போகலாம். சுமையும் ஏற்றமும் சூடும் சேர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடேறும்.

மெக்கானிக் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கிளட்ச் கேபிள் விறைப்பாக இழுத்து வைக்கப்பட்டிருந்தது. லீவர் நுனியில் பொதுவாக 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும், சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். தளர்வே இல்லையென்றால் கையை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அமுங்கியபடியே கிடக்கும். பிளேட் தேயத் தேய இந்தத் தளர்வு தானாகவே குறையும் என்பதால் மாதம் ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கேபிள் இறுகினால் அது செல்லும் வழியே தவறு.

வண்டி இழுக்கவில்லை என்பதற்காகவே கிளட்ச்சைப் பழி சொல்லவும் கூடாது. ஆளில்லாத நேரான சாலையில் டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை முழுதாக முறுக்குங்கள். இன்ஜின் வேகம் எகிறி, வண்டி வேகம் அதற்கேற்ப ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினே திணறினால் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் பக்கம் போங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு நியூட்ரலில் பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதும் நல்லது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது.

சேந்தமங்கலத்தில் பழைய ஆயிலை முழுக்க வடித்து, புது பிளேட்டுகளை எம்ஏ2 ஆயிலில் இரவு முழுக்க ஊற வைத்துப் பொருத்தினார்கள். ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்த்து, கோணியவற்றைக் கழித்தார்கள். ஸ்பிரிங் நீளத்தையும் அளந்தார்கள், சூட்டில் தளர்ந்த ஸ்பிரிங் புது பிளேட்டையும் சரியாக அழுத்தாது. சிறிது தூரம் ஓடியபின், உள்ளே தங்கிய எம்பி ஆயில் மிச்சமும் போகட்டும் என்று மறுபடி ஆயில் மாற்றச் சொன்னார் மெக்கானிக்.

முதல் பட்டறைக்கு அவர் காலி டப்பாவோடும் வழவழத்த பிளேட்டோடும் போனார். பில்லில் வெறுமனே “ஆயில்” என்றிருந்ததால் எந்த ஆயில் என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை, பணமும் திரும்பவில்லை. அதனால் இப்போது எந்தப் பட்டறையானாலும் ஆயிலின் பெயர், கிரேடு, ஜாசோ எழுத்து மூன்றையும் பில்லில் எழுதி வாங்குகிறார். டப்பா தன் கண்முன் உடைக்கப்பட வேண்டும், கழற்றிய பிளேட்டுகள் பையில் கட்டித் தரப்பட வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுகிறார்.