நோயர் உள்ள வீட்டில் தொட்டிச் செடி: மண்கலவையும் தொட்டியின் அளவும்

சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோரின் அறையில் ஒரு செடியை வைக்க வேண்டும் என்னும் ஆவல் குடும்பத்தினருக்கு எழுவது இயல்பே. தாம்பரம் சானடோரியம் என்ற ஊர்ப்பெயரே, 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காக இங்கே நிறுவிய மருத்துவமனையிலிருந்து வந்தது. திறந்த வெளியும் தூய காற்றும் அந்நாளில் சிகிச்சையின் பெரும்பகுதி. அத்தகைய காற்றை ஒரு தொட்டிச் செடி தந்துவிடும் என இன்று பலர் நம்புகின்றனர். 1989-இல் வெளியான நாசா ஆய்வு ஒன்றை இதற்குச் சான்றாகக் காட்டுவர். அவ்வாய்வு மூடிய சிறு பெட்டிகளுக்குள் நடத்தப்பட்டது. சன்னல் உள்ள அறையில் நான்கைந்து செடிகளால் காற்று தூய்மையாவதில்லை. சன்னலைத் திறப்பதே மேல். செடியைக் கண்ணுக்கும் மனத்துக்கும் இதம் என்பதற்காக வளர்க்கலாம். ஆனால் எந்த மண்ணில், எவ்வளவு பெரிய தொட்டியில் என்பது நோயர் உள்ள வீட்டில் உடல்நலத்தைச் சார்ந்த கேள்வியாகும்.

மட்கும் இலையிலும் எருவிலும் ஈரமண்ணிலும் அஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வாழ்கிறது. அதன் நுண்வித்துகளை நாம் அனைவரும் நாள்தோறும் சுவாசிக்கிறோம். நலமுள்ளவரை அவை பெரும்பாலும் தாக்குவதில்லை. காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் குழிவு எஞ்சியவருக்கோ, அக்குழிவில் பூஞ்சை உருண்டையாகத் திரண்டு, இருமும்போது இரத்தம் வரச் செய்யக்கூடும். புற்றுநோய் மருந்து பெறுவோரும் நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே அறைக்குள் செடி வைக்க வேண்டும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர் அறையில், மருத்துவர் இசைவு தரும்வரை, செடியே கூடாது.

ஆகவே, விரைவில் உலரும் தொட்டியே நமக்கு வேண்டியது. இங்குதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். செடி வளரும்தானே என்று முதலிலேயே பெரிய தொட்டியை வாங்கிவிடுகின்றனர். ஒரே வடிவமுள்ள தொட்டிகளில், ஆறு அங்குலத் தொட்டியைவிடப் பத்து அங்குலத் தொட்டி ஏறத்தாழ நான்கரை மடங்கு மண் கொள்ளும். சிறிய வேர்த்தொகுதி அவ்வளவு நீரையும் உறிஞ்ச இயலாது. மண் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும், வேர் அழுகும், மேலே வெண்பூஞ்சை படரும். வேர்த்திரளின் அகலத்தைவிட ஒன்று அல்லது இரண்டு அங்குலம் கூடுதலான தொட்டி போதும்.

தொட்டியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பதும் தவறான எண்ணமே. சமையலறையிலேயே இதைச் சோதிக்கலாம். நீரில் ஊறிய பஞ்சு ஒன்றைக் கிடையாகப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாகத் திருப்புங்கள். மீண்டும் நீர் வடியும். மண்ணும் அப்படியே: அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு நீர் தங்கியே தீரும். சரளை அடுக்கு அந்த ஈரப்பகுதியை வேருக்கு அருகே உயர்த்துகிறதேயன்றி நீக்குவதில்லை. துளையின்மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வைத்தால் போதும். ஆழமற்ற அகன்ற தொட்டியைவிடச் சற்று உயரமானது நல்லது. சுடுமண் தொட்டி பக்கச் சுவர் வழியாகவும் உலர்வதால், ஐப்பசி, கார்த்திகை மழைநாட்களில் பிளாஸ்டிக்கைவிடச் சிறந்தது.

கலவைக்குச் செம்மண், தென்னை நார்த்தூள், கழுவிய பெருமணல் அல்லது பெர்லைட் ஆகியவற்றைச் சம அளவில் சேர்க்கலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணைத் தவிர்க்கவும். அது நீரை விடாது. நார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பின் பயன்படுத்துக. நம் புறநகர்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் உப்பே; தொட்டியின் விளிம்பில் வெள்ளை படிவது அதனால்தான். மாதம் ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்துச் சென்று, இயன்றால் மழைநீரால், அடித்துளை வழியே நன்றாக வழியும்வரை நீர் ஊற்றினால் உப்பு கரைந்து போகும். தொழுவுரமும் இலைமட்கும் நோயர் அறைக்கு வேண்டா. மணி பிளான்டும் மருளும் அவையின்றியே வளரும்.

அடித்தட்டில் தேங்கும் நீரை அன்றே கொட்டுக. டெங்கு பரப்பும் கொசு அத்தகைய நீரில்தான் பெருகும். அதன் முட்டை உலர்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருப்பதால், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். பாட்டில் நீரில் வளரும் மணி பிளான்டுக்கும் இதே விதிதான்.

விரலை இரண்டாம் கணுவரை மண்ணில் நுழைத்து, உலர்ந்திருந்தால் மட்டும் நீர் ஊற்றுக. அடித்துளை வழியே வேர் வெளிவரும்போது அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றலாம். அவ்வேலையை நோயர் செய்ய வேண்டா. வீட்டில் மற்றொருவர் கலவையில் நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து, மாடியிலோ முற்றத்திலோ செய்து முடித்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின் செடியை உள்ளே கொண்டுவரட்டும்.